மேடு இல்லாத ஊர்

நாலு பேர் குனிந்து தோள் கொடுத்ததும் வண்டி அசைந்தது. சந்தின் சுவரோரமாக உருண்டுபோய், ஓர் அடி இடைவெளி விட்டு நின்றது. "மதி, மதி, போதும்" என்றான் தள்ளியவர்களில் ஒருவன். காலியான இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டவும் நாற்காலி போடவும் ஆட்கள் இறங்கினார்கள்.

உள்ளே கிடத்தியிருந்த தங்கதுரையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அமுதவள்ளி, ஜன்னல் வழியாக இதைப் பார்த்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் தொடங்கிய அழுகை அவளுக்குச் சட்டென்று நின்றது. வண்டி எப்படி உருண்டது?

கியர் லிவரைப் பியில், அதாவது பார்க்கிங்கில், போட்டது அவள்தான். சாவி அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. கிளட்ச் இல்லாத வண்டிக்குப் பி என்றால் பூட்டு. நாலு பேரல்ல, பஜாரில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து முட்டினாலும் நகரக் கூடாது. அந்த நம்பிக்கையில் தங்கதுரை ஹேண்ட்பிரேக்கைத் தொட்டதே இல்லை.

செத்த வீட்டில் இப்படியொரு யோசனை வரலாமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வந்த யோசனை போக மறுத்தது. எதிரே படுத்திருந்த மனிதரிடம் கேட்க முடிந்தால் உடனே சொல்லியிருப்பார். அதை நினைத்ததும் மறுபடி அழுகை வந்தது.

அந்த வண்டி வந்த கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் குறைவு. வெலிங்டன் தீவில் கப்பல் வழியைத் தூர்வார வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விட்டுப்போன பழைய பிக்கப் அது. ஏலத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை. கிளட்ச் இல்லாத வண்டியை எவன் சீண்டுவான்? தங்கதுரை தூக்கினார். பைத்தியக்காரன் என்றார்கள். அமுதவள்ளிக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஆகாது. இந்த வண்டிக்கு வலது கால் ஒன்றே போதும். வாங்கி வந்த அன்றைக்கு அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டு" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அதற்குப் பிறகு அரிசி மண்டி ராமபத்ரனின் மூட்டைகளைத் தோப்பும்படி, பள்ளுருத்தி என்று கடை கடையாக இறக்கியது இந்த இரண்டு பேர்தான். அவர் மூட்டைகளோடு பின்னால், இவள் ஸ்டியரிங்கில். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்த வண்டிதான் சோறு போட்டது.

போன வாரம், அவரை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரத்தில் வண்டி படுத்துக்கொண்டது. பட்ட காலிலேதானே படும்? காலையில் லிவரை டியில், முன்னே போகிற கியரில், போட்டாள். எஞ்சின் கத்தியது, வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ரிவர்ஸ் மட்டும் பிடித்தது. பக்கத்துப் பட்டறை யூசுப் வந்து கியர் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான், கையை விரித்தான்.

"உள்ள போச்சுக்கா. எறணாகுளத்துக்குக் கொண்டுபோயி கியர் பாக்ஸ இறக்கணும். இறக்கினாலும் இதுக்கு ஸ்பேர் சாதனம் கிட்டாது."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கதுரை கேட்டது ஒன்றே ஒன்று.

"கருகின வாட வந்துதா?"

"இல்ல. எண்ணெ செவப்பாத்தான் கெடக்கு."

"அப்ப பாக்ஸ் போகலட்டி. நான் வந்து பாக்கேன்."

வரவில்லை. வந்தது இப்படித்தான்.

சங்கரன்கோவிலிலிருந்து தம்பி தங்கதுரையைப் பார்க்க வந்திருந்த ஒச்சப்பன் காலம் முழுக்க லாரி ஓட்டியவர். கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அமுதவள்ளிக்கு எதிர்த்துப் பேசச் சுலபமாக இருந்திருக்கும். இன்று காலை, தம்பியைக் கிடத்திய கையோடு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"அமுதா, நீ ஒண்ணும் யோசிக்காத தாயி. ஊருக்கு வந்துரு. உங்க அக்காவும் நானும் இருக்கோம், ஒரு வாய்க் கஞ்சிக்கு உனக்குக் கொறையா? வண்டிய நாளைக்கிப் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கிடுவான். பேசிட்டேன்."

"ஓடுத வண்டிய எதுக்கு அத்தான் குடுக்கணும்?"

"எங்க ஓடுது? அவனே போயிட்டான். இனி அத வச்சிக்கிட்டு..."

மேலே சொல்ல முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டி ஓடினால் அவளுக்கு மட்டாஞ்சேரி. ஓடாவிட்டால் சங்கரன்கோவிலில் ஒரு மூலை, இன்னொருத்தர் ஊற்றும் கஞ்சி. வேறொரு வண்டியில் ஏறிப் பிழைக்க அவளுடைய கால் விடாது.

அப்படிப்பட்ட வண்டி இப்போது பூட்டியபடியே உருண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பெண் ஸுப்ரியா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி அவள் காதருகே குனிந்தாள்.

"சேச்சி, யூசுப் வந்திருந்தா ஜன்னல்கிட்ட வரச் சொல்லுங்க."

யூசுப் வந்து நின்றான். இழவுக்கென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"எந்தாக்கா?"

"லிவர் பியிலதான கெடக்கு? பாரு."

போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பியிலதான்."

"அப்ப எப்படி உருண்டுது?"

யூசுப் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"லிவர் பியில நிக்கி, பாக்ஸ் வேற எங்கயோ நிக்கி" என்றாள் அவள். அழுது அழுது குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "லிவர் சொல்லுதது உள்ள போய்ச் சேரல. ரெண்டு மாசமா ஸ்டார்ட் எடுக்கதுக்கு லிவர ஆட்டி ஆட்டித்தான சாவியத் திருகுதேன், அதுவும் இதனாலதான். டியில போட்டா பாக்ஸ் நியூட்ரல் என்னுலயே நின்னுருது போல."

"அப்ப டிக்குக் கீழ போட்டா டி வரும்" என்றான் யூசுப், தனக்குத்தானே பேசுகிறவனைப் போல. "கீழ ரெண்டாம் நம்பரும் எல்லும் அல்லே? அத ஆரு போடுறா?"

யார் போடுவார்கள்? அந்த இரண்டும் மலை ஏறி இறங்குவதற்கு உள்ளவை. கொச்சியில் மேடு என்று சொல்லப் பாலங்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வாங்கிய நாளிலிருந்து அந்த இரண்டையும் தொட அவர்களுக்கு அவசியமே வரவில்லை. போன வாரமும் பி, ஆர், என், டி என்று நாலுக்குள்ளேயே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டி செத்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். தண்ணீர் மட்டத்தில் வாழ்கிறவர்கள் செய்கிற தப்பு. மூணாறுக்காரன் செய்திருக்க மாட்டான்.

"கீழ போயி கேபிளப் பாரு யூசுப்."

"இந்த வேட்டியோடயா?"

யூசுப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். துக்கத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் காலையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் கறுப்பாக எழுந்து வந்து, ஜன்னல் கம்பிக்கு உள்ளே கையை நீட்டினான். உள்ளங்கையில் மஞ்சளாகப் பிளாஸ்டிக் பொடி.

"கேபிள் முனையில உள்ள புஷ் பொடிஞ்சுபோச்சுக்கா. கம்பி லொடலொடன்னு ஆடுது. பாக்ஸுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் மேலயே நோக்கிட்டுப் போயிட்டேன்."

"கெடக்கட்டும்" என்றாள். தங்கதுரையின் முகத்தைப் பார்த்தாள். பாக்ஸ் போகவில்லை என்று சொன்னீர்களே, சரியாகத்தான் சொன்னீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

தலைமாட்டை விட்டுப் பெண்டாட்டி எழுந்திருக்கக் கூடாது. தெரியும். "சேச்சி, நீங்க செத்த உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, இடது முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். மயங்கி விழுந்துவிடுவாளோ என்று இரண்டு பெண்கள் பிடிக்க வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டியில் ஏறினாள். லிவரை ஆட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது.

டியில் போட்டாள். எஞ்சின் மட்டும் உறுமியது. இன்னும் ஒரு படி கீழே இழுத்தாள். அடியில் மெல்லிய உதை ஒன்று தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி தானாக முன்னே நகர்ந்தது. தார்ப்பாய்க் கம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு.

"ஏம்மா, என்ன இது?" என்று ஒச்சப்பன் ஓடி வந்தார்.

"ஓடுது அத்தான்."

அவர் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உள்ளே போனார்.

மதியத்துக்கு மேல் வேறொரு சிக்கல் வந்தது. பாலத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம், உடலை எடுத்துப்போக வர வேண்டிய தமிழ்ச் சங்கத்து வேன் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் நாளைக்குத்தான் என்று சுடுகாட்டில் சொல்லியிருந்தார்கள். தம்பியை இன்னொரு ராத்திரி போட்டுவைக்க ஒச்சப்பனுக்கு மனசில்லை.

"இதுலயே கொண்டுபோவோம். நான் ஓட்டுதேன்" என்று ஏறினார். அமுதவள்ளி வெளியே நின்று லிவர் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும், ஆயுசு முழுக்கக் கிளட்ச் மிதித்த இடது கால் தன் பாட்டுக்குக் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கில் ஏறி மிதித்தது. வண்டி முட்டி நின்றதில் அவர் நெற்றி கண்ணாடியில் இடித்தது. இரண்டாம் தடவை காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அப்போதும் அதேதான். வந்திருந்த டிரைவர்கள் எல்லாருக்கும் அதே கால். யூசுபுக்கு வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது.

ஒச்சப்பன் இறங்கி நின்றார். பின்தட்டைப் பார்த்தார்.

"இப்படி முட்டுனா அவனுக்கு..." என்றார். பிறகு, "பொம்பளை சுடுகாட்டுக்கு வார வழக்கம் நம்மள்ல இல்ல."

"உள்ள வரல அத்தான். வாசல்ல எறக்கிவிடுதேன்."

ஒச்சப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சாவியை அவளிடம் நீட்டினார்.

பாடையைப் பின்தட்டில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அரிசி மூட்டைக்கு ஓட்டுவதை விட மெதுவாக அமுதவள்ளி ஓட்டினாள். பஜாரில் லாரிக்கு வழி விடும்போது, பழக்கத்தில் கண் பின்கண்ணாடிக்குப் போனது. அவர் பின்னால்தான் இருந்தார். மூட்டை மேல் உட்கார்ந்து கையை ஆட்டுகிற ஆள் இன்று படுத்திருந்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எடுக்கவில்லை. வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் போயிற்று.

சுடுகாட்டு வாசலில் நிறுத்தி, சொன்னபடி வண்டியிலேயே இருந்தாள். உள்ளே போனவர்களில் அரிசி மண்டி ராமபத்ரன் மட்டும் முதலில் திரும்பி வந்தார். கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார்.

"அமுதா, வேற வண்டிக்கு ஞான் சொல்லல. பதினாறு கழிஞ்சு மெல்ல வந்தா மதி."

"தோப்பும்படிக் கடைக்கி அரிசி தீந்திருக்குமே அண்ணாச்சி."

"தீந்துதான் கெடக்கு. நாலு நாள் உந்துவண்டியில விடுறேன். நீ வா."

திரும்பும்போது ஒச்சப்பன் முன்சீட்டில் ஏறினார். குளித்த ஈரம் தலையிலிருந்து சொட்டியது. வழி முழுக்க அவள் மாற்றிப் போடுகிற லிவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சந்து முனையில் அவள் ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியதும் அவரே இறங்கிப் பின்னால் போனார். அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஒரு கையைப் பின்தட்டில் வைத்தார்.

"ஆமா, நான்தான் பேசுதேன். நாளைக்கி வர வேண்டாம்... இல்லய்யா, வெலைக்கி இல்ல. வண்டி ஓட்டத்துல இருக்கு."

ஃபோனைப் பையில் போட்டார். லாரிக்கு வந்த புதிதில் கிளீனராக நின்று சொன்ன அதே குரலில், "வரட்டும்... வரட்டும்... வலத்த ஒடி... வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் பின்னோக்கி நடந்தார்.