கூப்பிட்டால் எழுந்து போகலாமா?

மணி அடித்ததும் அவள் எழுந்துவிட்டாள். "இதோ வர்றேன்ணே" என்ற வார்த்தையும் வாயைத் தாண்டிவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கூடத்தின் நடுவே பெட்டிக்குள், இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு படுத்திருந்தார்.

உறவுக்காரர் ஒருவர் உட்கார இடமில்லாமல் உள்ளறையில் அண்ணனின் காலிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். கட்டில் கம்பியில் முடுக்கியிருந்த சைக்கிள் மணியில் அவர் முழங்கை பட்டுவிட்டது. "தெரியாம பட்டுடுச்சும்மா" என்று பதறிக்கொண்டு வெளியே வந்தார் மனிதர்.

"பரவாயில்லங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு தடவைதான் அடித்தது. ஒன்பது வருடப் பழக்கத்தில் காது தானாக எண்ணிவிட்டது. நேற்றுதான் எண்ணாமல் விட்டாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அடுத்தவர் வீடுகளுக்கு ஏறி இறங்கப் பாதை போட்டவர், அதே பாதையில் இரண்டு மாடி கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உயிரில்லை. நெஞ்சும் பலவீனமாகி, குரல் வாசற்படி தாண்டாது. "கத்தினா எனக்கே கேக்கல, உனக்கெங்க கேக்கப்போகுது" என்று சொல்லி, பழைய சைக்கிள் மணி ஒன்றை வாங்கிவரச் செய்து, படுத்தபடியே ஸ்பேனரால் கட்டில் கம்பியில் முடுக்கினார். சட்டமும் அவரே போட்டார். ஒரு மணி என்றால் தண்ணீர், வலி, புரட்டிப் படுக்கவை. உடனே வர வேண்டும். இரண்டு மணி என்றால், 'என்ன விளையாடுறே, கொண்டு வந்து காட்டு.'

அவள் வேலையே விளையாட்டுதான். வீடியோ கேம் விமர்சகர். இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை கேட்கிறவர்கள், 'எங்க வீட்டுப் பசங்க காதுல போட்டுடாதீங்க' என்பார்கள். புதிய கேம் வெளிவருவதற்கு முன்பே அவள் கைக்கு வந்துவிடும். முழுக்க விளையாடி முடித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுத வேண்டும். கன்சோல் என்கிற விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டியும் விளையாட வேண்டும், ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் வைத்தும் விளையாட வேண்டும். கையில் வைத்து விளையாடும் பாதி எப்போதும் அண்ணனின் கட்டிலருகே, ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஹெட்போன் வலது காதில் மட்டும், இடது காது அண்ணன் பேச்சுக்கு. அவர் தலையணையில் ஒருக்களித்துத் திரையைப் பார்ப்பார். "எழுத்து எறும்பு மாதிரி ஊருது ஜட்ஜம்மா, அரை மார்க் கொற" என்பார். மதிப்பெண் போடுகிறவள் என்பதால் அவர் வைத்த பெயர் ஜட்ஜம்மா.

நேற்று காலை பதினொரு மணிக்கு ஜட்ஜம்மா பக்கத்து அறையில் ஒரு கல் பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டை வாசலில் நிற்கும் பூதம். அண்ணன் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார். மூன்று நாளில் பதினான்கு முறை வாட்ச்மேன் அவளைக் கொன்றிருந்தான். ஒவ்வொரு முறையும் தோற்றதற்கான அழுகை இசை சுவரைத் தாண்டிப் போகும், அடுத்து அவள் உள்ளே போகும்போது, "ரிட்டர்ன் அனுப்பிட்டானா?" என்று அண்ணன் கேட்பார். பதினைந்தாம் முறை பூதம் ஒரு முழங்காலில் சரிந்தபோது மணி கேட்டது. அந்த கேமில் நடுவில் நிறுத்த வழியில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் பூதம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

"ஒரு நிமிஷம்ணே!" என்று கத்தினாள்.

அந்த ஒரு நிமிடம் நான்கு நிமிடமானது. பூதம் விழுந்தது. அவள் குதித்தாள், கூச்சல் போட்டாள். மறுபடி மணி கேட்காததால், சூட்டோடு சூடாகக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தாள். அதில் பத்து நிமிடம். பிறகு கன்சோலை ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டேன்ணே!" என்று உள்ளே போனாள். அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டை விரல் மணியின் மேலேயே இருந்தது.

"தூக்கத்துலயே போயிருக்காரு, கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். எல்லா வீட்டிலும் அவர்கள் சொல்வது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அடித்தது ஒரு மணியா, இரண்டு மணியா? இதை மட்டும் எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

பெரியக்கா காலையிலேயே வந்துவிட்டாள். இந்த வீட்டில் மூத்தவள், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வி கேட்டால் கேள்விக்கு மட்டும் பதில் எதிர்பார்ப்பாள்.

"நேத்து அவன் கூப்பிடலயா?"

"கூப்பிட்டார்க்கா."

"நீ?"

"வந்தேன்."

இரண்டு பதிலும் பொய்யில்லை. நடுவிலிருந்த பதினான்கு நிமிடத்தை அக்கா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் உன் வாழ்க்கையையே அண்ணனுக்குக் கொடுத்துட்டியேம்மா. அவளுக்கு அது நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. கொடுத்தது யார், வாங்கிக்கொண்டது யார் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

அண்ணன் விழுவதற்கு முன்பும் அவள் விமர்சனம் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். படம் அழகு, இசை இனிமை, கதை சுமார் என்று பத்தோடு பதினொன்றாக எழுதினாள். பெயரை எடுத்துவிட்டால் எழுதியது யாரென்று தெரியாது. மணி வந்த முதல் மாதத்தில் ஒருநாள், நிறுத்த முடியாத கேமைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய், இரண்டு மணி நேர ஆட்டம் வீணானது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அதையும் எழுதேன்" என்றார். "கூப்பிட்டா எழுந்து போக முடியுமான்னு எழுது. என்னை மாதிரி எத்தனை வீட்ல எவன் மணியடிச்சுக்கிட்டு கெடக்கானோ."

அப்படித்தான் ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் அந்தக் கட்டம் வந்தது. 'கூப்பிட்டால் எழுந்து போகலாமா?' பத்தில் ஒரு மதிப்பெண் அதற்கு. எடிட்டர் முதலில் சிரித்தார். அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. கைக்குழந்தைக்காரிகள் எழுதினார்கள், பெட்ரோல் பங்கில் நிற்பவர் எழுதினார், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி, 'நான் உங்கள் விமர்சனத்தைக் கீழேயிருந்துதான் படிக்கிறேன்' என்று எழுதினாள். அவளுக்கென்று ஒரு குரல் வந்தது அந்தக் கட்டத்தால். கட்டம் வந்தது அந்த மணியால். இதற்கு அண்ணனிடம் ஒரு நன்றி சொன்னதில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவருக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

அப்படி ஊருக்கெல்லாம் மதிப்பெண் குறைத்தவள், தனக்கு மணி அடித்தபோது எழுந்து போகவில்லை. காலையிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாதது இதுதான்.

மதியம் அண்ணனைக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது மூன்று மணி. செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வாசல் பளிச்சென்று ஆனது. கடைசியாகக் கிளம்பிய எடிட்டர் படியில் நின்றார்.

"அந்த ரிவ்யூவைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. வேற ஆளை விட்டு எழுதிக்கறேன். நேத்து வரைக்கும் பண்ண ரெக்கார்டிங் இருந்தா மட்டும் அப்புறமா அனுப்புங்க, அவசரமே இல்ல."

ரெக்கார்டிங். விமர்சனத்துக்காக ஆட்டம் முழுவதையும் கம்ப்யூட்டர் பதிவு செய்யும். விளையாடும்போதே வாய்விட்டுக் கருத்துச் சொல்வது அவள் வழக்கம் என்பதால் மேசையில் மைக் இருக்கும், அதுவும் பதிவாகும். நேற்று அதை அவள் நிறுத்தவேயில்லை. மணிச் சத்தம் அதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா டீ டம்ளரோடு வந்தாள். இந்த அறைக்குள் அக்கா வருவது அபூர்வம். பொம்மைக் கடை என்பது இதற்கு அவள் வைத்த பெயர்.

"இன்னிக்குமா இந்தப் பொட்டி?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மணி, இரண்டு மணி, வாட்ச்மேன், பதினான்கு நிமிடம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "ஒண்ணா இருந்தா என்னக்கா பண்ணுவேன்?"

அக்கா டம்ளரை மேசையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணா இருந்தா ஒண்ணுதான். நீ சாகறவரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கப்போறியா? போடு. நான் எண்ணறேன்."

அவள் போட்டாள். இசை, கல் உடையும் சத்தம், தன் குரலிலேயே இரண்டு நல்ல வசவு. அக்கா புருவத்தை உயர்த்தினாள். பூதம் ஒரு முழங்காலில் சரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிணிங்.

கிணிங்.

"ரெண்டு" என்றாள் அக்கா.

அவள் கண்ணைத் திறந்தாள். அக்கா வகுப்பறையில் காட்டுவதுபோல இரண்டு விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். 'ஒரு நிமிஷம்ணே!' என்றது ரெக்கார்டிங்.

"இரு, இரு, பின்னாடி போ. அவன் ஏதோ சொல்றான்."

சத்தத்தை முழுக்க ஏற்றி மறுபடி போட்டாள். கல்லும் வாளும் மோதும் இரைச்சலுக்கு அடியில், திறந்த இரண்டு கதவுகளைத் தாண்டி வந்த அண்ணனின் குரல். நூலிழை மாதிரி இருந்தது, ஆனால் அவர்தான்.

"அவன முடிச்சிட்டே வா, ஜட்ஜம்மா."

நேற்று இது அவள் காதில் விழவேயில்லை. ரெக்கார்டிங்கை மேலே ஓடவிட்டாள். திரையில் பூதம் எழுந்தது, அடித்தது, கடைசியில் மலை சரிவதுபோல விழுந்தது. மூன்று நாளாக அந்த வீட்டில் ஒலிக்காத வெற்றி இசை வந்தது. அவள் கூச்சல் போடுவது கேட்டது. நாற்காலி உருண்டு எதிலோ இடித்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மணி. கிணிங், கிணிங், கிணிங், கிணிங்... அக்கா விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். ஒரு கை தீர்ந்தது. மறு கைக்குப் போனவள், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கைதட்ட முடியாத மனிதர், சட்டத்தில் இல்லாத அத்தனை மணியையும் கட்டை விரலால் அடித்துத் தீர்த்திருந்தார்.

மணி நின்றது. அவள் தட்டச்சு செய்யும் சத்தம் தொடங்கியது. அதற்கு மேல் கேட்க வேண்டாமென்று நிறுத்தினாள்.

"தேங்க்ஸ்ணே" என்றாள், சுவரைப் பார்த்து. சத்தமாகவே சொன்னாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். டீ ஆறிப்போயிருந்தது, அதையே இருவரும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள்.

பிறகு அவள் எடிட்டருக்கு, 'நானே எழுதிவிடுகிறேன்' என்று இரண்டே வார்த்தை அனுப்பிவிட்டு, நேற்றுப் பாதியில் நின்ற குறிப்புகளைத் திறந்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். 'கூப்பிட்டால் எழுந்து போகலாமா?' முடியாது என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா படித்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் கொறைக்கிறியா? அவன்தான் முடிச்சிட்டு வான்னு சொன்னானே."

"அது அண்ணனோட குணம்க்கா. கேமோட குணம் இல்ல."

அக்கா யோசித்தாள். "சரிதான்" என்றாள் தலைமையாசிரியை. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்னும் பாதி வேலை இருந்தது. கையில் வைத்து விளையாடிப் பார்க்க வேண்டும். கன்சோலை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, உள்ளறைக்குப் போய், கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரிப்பை மாற்றியிருந்தார்கள். தலையணை மட்டும் அதேதான். திரையைத் தலையணைப் பக்கமாகத் திருப்பி, ஒரு கை தூரத்தில் பிடித்து, தானும் குனிந்து அங்கிருந்து பார்த்தாள். எழுத்து சின்னதுதான். அரை மதிப்பெண்.

ஹெட்போனை மாட்டினாள். வலது பக்கத்தைக் காதில் பொருத்திவிட்டு, இடது பக்கத்தை எப்போதும்போலக் காதுக்குப் பின்னால் தள்ளி விட்டுக்கொண்டு விளையாட ஆரம்பித்தாள்.