குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய நாள்

பெயின்டர் ஏணியிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு வீடு திரும்பியபோது, கட்டிலை எங்கே போடுவது என்று மனைவி கேட்டாள். "மீன் தொட்டிக்கு எதிர்ல போடு, பொழுதாவது போகும்" என்றான். இடுப்புவரை மாவுக்கட்டு. புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும்.

அந்தத் தொட்டி வாங்கிய அன்றே வீட்டில் ஒரு வாய்த்தகராறு நடந்திருந்தது. ஏஞ்சல் மீன் ஜோடியை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. மீன்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "குஞ்சு எடுக்கிற தொட்டின்னா அடியில ஒண்ணும் போடாதீங்க. கல்லு போட்டா மிச்சத் தீனி இடுக்குல போய் அழுகும். தண்ணி சுத்தம் பண்ண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். அது குஞ்சை இழுக்காது."

மனைவியும் அதையே சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. ஊரார் சுவருக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுக்கிறவன் அல்லவா? "வெறும் கண்ணாடிப் பெட்டிய ஹால்ல வைக்க நான் என்ன பிஸ்கட் கடையா நடத்துறேன்?" என்று வெள்ளைக் கூழாங்கற்களை நான்கு விரல் உயரத்துக்குக் கொட்டினான். குழாயால் தண்ணீரை உறிஞ்சும் மோட்டார் ஃபில்டரையும் மாட்டினான். தண்ணீர் பளிங்கு போல மின்னியது. "இப்பப் பாரு" என்றான். அவள் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மீன்கள் என்னவோ அவன் பக்கம்தான் நின்றன. அவன் படுக்கையில் கிடந்தபோதே தொட்டிச் செடியின் அகலமான இலையொன்றில் முட்டையிட்டன; ஆண் மீன் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறியபடியே காவல் நின்றது. குஞ்சுகள் பொரிந்து, இலையில் ஒட்டியபடி வாலைத் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை, மாத்திரை பேக் பண்ணும் கம்பெனிக்கு மனைவி கிளம்பிப் போன பிறகு, அத்தனையும் இலையை விட்டுப் புகை மாதிரி எழும்பின.

"மாமா! இங்க வாங்களேன், நீந்துதுங்க!"

அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமனார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கல்யாணத்தன்றிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "என்ன மாப்பிள்ளை, கொசுப்புழு மாதிரி இருக்கு?" என்று குனிந்தார்.

பெயின்டர் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் குஞ்சுப் புகையின் ஓரம் ஃபில்டர் குழாயின் பக்கம் நீண்டது. அப்புறம் அந்த ஓரத்தைக் காணோம்.

ஆண் மீன் பாய்ந்துபோய்ச் சிதறிய குஞ்சுகளை வாயில் அள்ளிக் கூட்டத்தில் கொண்டுவந்து துப்பியது. துப்பத் துப்ப அவை மறுபடி குழாய்ப் பக்கமே போயின.

"பிளக்கப் புடுங்குங்க மாமா!"

பிளக் இரும்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருந்தது. மாமனார் கையை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை. அங்கே ஈரம் வேறு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஒருதடவை ஷாக் அடிச்சுப் பொழச்சு வந்தவன் நான். என்னால முடியாது மாப்பிள்ளை."

"அப்ப மெயின அணைச்சுத் தொலைங்க!"

அணைத்தார். ஃபில்டரின் இரைச்சல் நின்றது, மின்விசிறியும் நின்றது. குஞ்சுக்கூட்டம் மெல்லத் திரண்டது. இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வெயில் ஏற ஏறத் தாய்மீன் மேலே போய் வாயைப் பிளந்தது. கல்லுக்கடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன. முட்டையிட்ட களைப்பில் தாய் இளைத்துவிட்டது என்று, மாமனாரை விட்டு வேளாவேளைக்குத் தீனியை அள்ளிப் போட வைத்தவன் அவன்தான். அதெல்லாம் கல்லிடுக்கில் அழுகித் தண்ணீரிலிருந்த காற்றைத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஓடினால் குஞ்சு போகும், நின்றால் எல்லாமே போகும்.

"மாமா, போடுங்க." புகை மெலிந்தது. "ஐயோ, அணைங்க!" தாய்மீன் சாய்ந்தது. "போடுங்க!"

மெயினுக்குக் கீழே நின்றிருந்த மாமனார் கத்தினார். "போடவா, அணைக்கவா? ஒரு முடிவு சொல்லுங்க மாப்பிள்ளை!"

அவன் மனைவிக்குப் போன் போட்டான். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டான். நல்ல காலைத் தரையில் ஊன்றப் பார்த்தான். கண் இருட்டிக்கொண்டு வர, மாமனார் ஓடிவந்து தாங்கிப் படுக்க வைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மெயினை அணைத்து, ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். மிஞ்சிய குஞ்சுகளை டம்ளரால் மொண்டு ஒரு பெரிய பாத்திரத்தில் விட்டாள். பிறகு ஃபில்டரைக் கழற்றிப் பின்பக்கம் கொண்டுபோனாள். கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது; அப்புறம்தான் கொண்டுவந்து மாட்டினாள்.

தாய்மீன் வெள்ளைக் கல்லின்மேல் பக்கவாட்டில் கிடந்தது.

"மொண்டு வெளிய விடணும்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றார் மாமனார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மாமா? கல்லக் கொட்டினவன் நான்."

அடுத்து வந்த நாட்களில், காலையில் கண் விழித்ததும் "இருக்குதுங்களா?" என்று மனைவியைக் கேட்பான். அவன் முகத்தைப் பார்க்காமல், "ம், இருக்கு" என்பாள். ஒரு நாள் சமையலறை வாசல் வழியே பார்த்தான். குஞ்சுகளை விட்டிருந்த பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று அவன் கேட்கவில்லை.

தொட்டியில் ஆண் மீன் மட்டும் வெறும் இலைக்கு முன்னால் நின்று, துடுப்பால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தது.