பூஜைக்கு வைத்த செர்வர்

ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று தாங்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் தம்பானூர் ஆபீசில் இரண்டு செர்வர். இரண்டாவதை வாங்கித் தரச் சொல்லி முதலாளி பஞ்சாபகேசனிடம் நான் கெஞ்சிய கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்தே செர்வருக்குள் நுழைந்து வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிறவர்கள். எழுதுவது முதல் செர்வரில் சேரும். உடனுக்குடன் இரண்டாவதிலும் நகல் விழும். முதலாவது நின்றால் இரண்டாவது வேலையை எடுத்துக்கொள்ளும்.

மகாநவமியன்று மத்தியானம் முதலாவதின் டிஸ்க் போயிற்று. இரண்டாவது எடுத்துக்கொள்ளவில்லை. விதுரையிலிருந்து ஷிஜா போன் செய்தாள். போனக்காடு எஸ்டேட்டுப் பெண். அங்கே டவர் சரியாகக் கிடைக்காததால் விதுரையில் அறை எடுத்திருக்கிறாள். பயிற்சிக் காலம் முடிகிற நாள். சாயங்காலத்துக்குள் கடைசித் தொகுப்பைக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

"ஸ்க்ரீன் கறுப்பாயிடுச்சு சார். என் பைலெல்லாம் உண்டில்லே?"

"உண்டு, பேடிக்காதே," என்று தைரியம் கொடுத்தேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

செர்வர் அறையில் இரண்டாவது இருந்த இடம் காலி. தேடினால், அது முதலாளியின் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களுக்கு நடுவே, சந்தனப் பொட்டும் துளசி மாலையுமாக உட்கார்ந்திருக்கிறது. அஷ்டமி சாயங்காலமே பூஜைக்கு வைத்துவிட்டாராம். அது நின்றால் வருகிற எச்சரிக்கை மெயிலும் அவருக்குத்தான் போகும். தனக்கே வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்.

"அது சும்மாவாக்கும் இருந்தது, தாணு," என்றார். "ஓடறதை நிறுத்தப்படாதுன்னு நீதானே பறஞ்சாய். ஆபீஸ்ல ஒண்ணாவது வெக்க வேண்டாமோ?"

"சும்மா இருக்கதுதான் சார் அதுக்க வேலை."

"பூஜைக்கு வெச்சதைத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற பூஜை எடுத்தப்பறம் தொட்டாப் போறும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு செர்வரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பகவதி பெயரை முனகிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார். சொருகியதும் ஓடியது, எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஆனால் அதில் அஷ்டமி சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் செத்துப்போன டிஸ்க்கோடு போய்விட்டது.

ஷிஜா மறுபடியும் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நேத்து ராத்திரியும் இன்னைக்கும் செஞ்சது ஒண்ணும் காணலை சார்."

மறைக்க மனம் வரவில்லை. செர்வர் எங்கே இருந்தது என்பதைச் சொன்னேன்.

"பூஜைக்கு வீட்டுக்குப் போக நானும் ஒரு நாள் லீவு கேட்டேன் சார். வேலை நிக்கக் கூடாதுன்னு முதலாளி தரலை."

போனை முதலாளியிடம் நீட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர, வாங்கவில்லை.