ஒன்றரை வினாடி

ஹாஜெர் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்கப் படத்தொகுப்பு அறைக்குள் வந்தபோது, படத்தொகுப்பாளன் ஒர்குன், எள் தூவிய சிமித் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்திவிட்டான். அவள் தன்னை யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் அவள் முகத்தின் இடது பாதியை இழுத்துக்கொண்டு போனது. கண் சரிந்தது, வாய் கோணியது. உம்ரானியே பகுதியில் அவள் ஆயா வேலை பார்த்த பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. போன இலையுதிர் காலத்தில் ஷிலே ஊரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே படம் பிடிக்க வந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணாக ஜன்னலில் நிற்க முடியுமா என்று கேட்டார்கள். நின்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

போன வாரம் அவர்கள் எடுத்த ஜின் பேய்ப் படத்தின் டிரெய்லர் வந்தது. அதைப் பார்த்திருந்த பெரின் திங்கட்கிழமை பள்ளி வாசலில் அவளைக் கண்டாள். நாலு வயது, தினமும் மதியம் ஹாஜெர் மடியில்தான் தூங்குவாள். அலறிய அலறலில் பிள்ளையின் உடுப்பு நனைந்துவிட்டது. "கொஞ்ச நாள் வராதீங்க ஹாஜெர் அக்கா" என்றாள் தலைமையாசிரியை. எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

"தம்பி, டிரெய்லர்ல என் முகத்த எடுத்துடு" என்றாள் ஒர்குனிடம்.

"அந்த ஒன்றரை செகண்ட்தான் அக்கா டிரெய்லரே. வேணாம்னு தயாரிப்பாளர் சொன்னாத்தான் எடுக்க முடியும். எடுத்தாலும், ஊரு முழுக்கப் போயிடுச்சே."

"நான் சும்மாதானப்பா நின்னேன். அதுல எப்படிப் பேய் வந்துச்சு? காட்டு."

அவன் தயங்கி ஓட்டினான். நீண்ட நடைவழி. தவழ்வதுபோல மெல்ல முன்னேறும் கேமரா. தாலாட்டு முனகல், பிறகு அதுவும் நின்று சுத்தமான அமைதி. கதாநாயகி ஜன்னல் சீலையை விலக்குகிறாள்; யாருமில்லை. அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பியதும் திரை நிறைய ஹாஜெரின் முகம், தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். ஹாஜெர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். தன்னைப் பார்த்துத் தானே நடுங்கியது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"பாக்குறவங்க 'அப்பாடா'ன்னு மூச்சு விடணும். அந்த நேரத்துல அடிக்கணும். அதான் கணக்கு" என்றான் ஒர்குன், தலையைக் குனிந்தபடி.

"என் முகத்த வச்சா அடிச்ச?"

அவன் அந்தச் சத்தத்தை நீக்கினான். மேலே பூசிய பச்சை நிறத்தைக் கழற்றினான். இழுத்து மெதுவாக்கிய வேகத்தைப் பழையபடி ஆக்கினான். வெட்டிய துண்டுக்கு முன்னும் பின்னும் இருந்ததைச் சேர்த்து, படப்பிடிப்பில் பதிவான குரலோடு ஓட்டினான். கீழிருந்து விளக்கடித்த ஜன்னலில் ஹாஜெர் குனிந்து, அந்த நடிகையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாத்து வா மகளே, அந்தப் படி வழுக்கும்."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க" என்று அந்தத் துண்டை அவள் போனில் ஏற்றித் தந்தான்.

பள்ளிக்குத் திரும்பும் பயணப் படகில் அதை ஒன்பது முறை பார்த்தாள். பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் பெரினின் அம்மா நின்றிருந்தாள். ஹாஜெர் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு போனை நீட்டினாள். "அம்மா, உங்க கால்ல வேணா விழுறேன். ஒரு தடவை பாருங்க, சத்தத்தோட பாருங்க."

பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்குப் புரியுது அக்கா. ராத்திரி அழுறவளுக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்?"

மணி அடித்தது. உள்ளே கதவு திறந்து, நீல மேலங்கி போட்ட பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். ஓடிவிடலாம் என்று ஹாஜெர் ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு தலைத்துணியை மெல்ல விலக்கி, முழு முகத்தோடும் வெயிலில் பெரின் வரும் வழியைப் பார்த்து நின்றாள்.