மாமாவின் சைக்கிளில் தொங்கிய அட்டை

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டு மணியை அடித்தபோது எறும்புக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அந்த வாரம் மட்டும் ஒன்பது லிஃப்ட் ரிப்பேர். அதில் மூன்று, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு கத்திய கேஸ். முட்டி இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வலித்தன. மறுநாள் காலை ஆறு மணிக்கு இந்த முட்டிகளை வைத்துக்கொண்டு அக்கா புருஷனோடு ஐந்து நாள் மலைச் சைக்கிள் பயணம் கிளம்ப வேண்டும் என்பதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

நாற்பத்து மூன்று வயதுக்காரனை எறும்பு என்று கூப்பிடலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே, சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறிய லட்சணத்தைப் பார்த்து அக்கா புருஷன் அப்படிக் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவன் எறும்புதான்.

அக்கா கதவைப் பாதி திறந்து, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். புருஷன் கீழே பார்க்கிங்கில் இருக்கும்போதும் அவளுக்கு இந்தப் பழக்கம் போகவில்லை.

"நேத்து போன்ல சொன்னதை யோசிச்சியாடா?"

"யோசிச்சேன்க்கா."

"யோசிச்சு? விடிஞ்சா கிளம்பிடுவாரு. டாக்டர் 'அளவா உடற்பயிற்சி பண்ணலாம்'னு சொன்னாலும் சொன்னாரு, அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாரு. அளவான்னா மலை மேல அஞ்சு நாளா?"

"நீயே நேரா சொல்லேன்."

"சொல்லாமலா இருக்கேன்? தொண்டைத் தண்ணி வத்திடுச்சு. நீ ஒண்ணு பண்ணு. அந்தச் சைக்கிள்ல எதையாவது கழட்டி ஒளிச்சு வெச்சிடு. ஓடாம நிக்கணும், அவ்வளவுதான். உனக்குத் தெரியாததா? நான் கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

பதினோரு மாதமாக அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் மூச்சு விடுகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டே கிடப்பதற்குத் தூக்கம் என்று பெயர் கிடையாது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். எதற்குச் சரி சொன்னோம் என்று அவனுக்கே தெளிவாக இல்லை.

கீழே, கார் நிற்க வேண்டிய இடத்தில் மாமா கடை பரப்பியிருந்தார். தார்ப்பாயின் மேல் கூடாரம், தூங்கும் பைகள், மழைக் கோட்டு, டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, தண்ணீர் வடிகட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், உலர்ந்த பழம். நடுவில் அக்காவின் சமையலறைத் தராசு. சுவரில் நாற்பத்தாறு சாமான்களின் பட்டியல், எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை எழுதி. கம்பெனியில் பராமரிப்பு ஏடு எழுதுகிற அதே கையெழுத்து.

"வாடா எறும்பு. உன் டூத் பிரஷ்ஷைக் கொடு."

கொடுத்தான். மாமா அதன் பிடியைச் சின்ன ரம்பத்தால் பாதியாக அறுத்துத் தராசில் வைத்தார்.

"ஆறு கிராம் மிச்சம்."

போன வருஷமாக இருந்தால், "உங்க தொப்பையிலிருந்து ஆறு கிலோ அறுக்கலாமே மாமா" என்று சொல்லியிருப்பான். இப்போது தொப்பை இல்லை. சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் அவர் மேல் தொங்கியது. அந்தக் கிண்டலை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினான்.

"ரெண்டாவது நாள் காலையில மரம் அறுக்கிற மில்லைத் தாண்டிட்டோம்னா, அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது," என்று மாமா வரைபடத்தில் விரலை ஓட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். "அஞ்சு நாள்டா. அஞ்சு நாளைக்கு ஒருத்தரும் என்னை 'எப்படி இருக்கு'ன்னு கேட்கக் கூடாது. எழுந்தா கேட்கிறா, உட்கார்ந்தா கேட்கிறா. ஆபீஸ்ல டீ கொண்டு வர்றவன்கூடக் கேட்கிறான். வாயைத் திறக்கவே பிடிக்கல. நீயும் கேட்கக் கூடாது. சரியா?"

"சரி மாமா," என்றான். ஒரே மதியத்தில் இரண்டு பேருக்குச் சரி சொல்லியாகிவிட்டது. ஒன்று பயணத்தை நிறுத்த, இன்னொன்று கிளம்ப; ஒன்றையொன்று வெட்டுகிற சரி.

மாமாவும் அவனும் பத்தொன்பது வருஷம் ஜோடியாக வேலை செய்தவர்கள். ஒருவர் மேலே மோட்டார் அறையில், ஒருவர் கீழே லிஃப்ட் குழியில். குழியில் ஆள் இருக்கும்போது தெரியாத்தனமாக யாராவது ஸ்விட்சைப் போட்டால் கதை முடிந்தது. அதனால் வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை ஸ்விட்சில் பூட்டோடு தொங்கவிட வேண்டும். 'ஆள் வேலையில் இருக்கிறார். இயக்காதீர்.' மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் தொடக் கூடாது. அட்டை தொங்குகிறவரை மாட்டியவன் வேலை இடத்தை விட்டு நகரவும் கூடாது. புதிதாகச் சேருகிறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் மண்டையில் ஏற்றுவார்கள்.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மேலே இருந்த எறும்பு குழிக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். அந்தக் கட்டடத்துக்கு ஒரே லிஃப்ட். அதன் ஸ்விட்சில் மாமாவின் அட்டை பூட்டித் தொங்கியது. சாவி மாமாவின் சட்டைப் பையில். பதினாலு மாடியையும் படியில் இறங்கினான். இறங்கினான் என்பதைவிட விழுந்தான் என்பது பொருத்தம். முட்டி வலி அன்றைக்கு வந்ததுதான். மாமா குழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்தில் வந்தது. பிழைத்ததே அந்த ஒன்பது நிமிஷத்தால்தான் என்று டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் மாமாவை ஆபீஸில் புகார்ப் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மரம் அறுக்கிற மில்லைத் தாண்டி ஒன்பது நிமிஷத்தில் யார் வருவார்கள்? எறும்பு அன்றாடம் படுக்கும்போது கேட்டுக்கொள்கிற கேள்வி இது. பதில் தெரிந்த கேள்விதான், அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தது.

பைகளை எல்லாம் சைக்கிளில் கட்டி முடித்ததும் மாமா கையைத் தட்டித் தூசியை உதறினார். "ஒரு தடவை மேல வரைக்கும் ஓட்டிப் பார்த்துடுறேன்."

பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏறுகிற சரிவு முப்பது மீட்டர்தான் இருக்கும். மாமா ஏறி உட்கார்ந்து மிதித்தார். முதல் பத்து மீட்டர் நன்றாகத்தான் போனார். பாதியில் நின்றார். இறங்கினார். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு செயின் பக்கமாகக் குந்தினார்.

"என்ன மாமா?"

"செயின் வழுக்குதுடா. இரு, சரி பண்றேன்."

எறும்பு அசையாமல் நின்றான். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் செயினைப் புதிதாக வாங்கி மாட்டியவன் அவன்தான். பல்சக்கரமும் புதுசு. காலையில்தான் எண்ணெய் விட்டிருந்தது. அது வழுக்க வாய்ப்பே இல்லை. மாமா நாலைந்து நிமிஷம் தலையைக் குனிந்து, நெற்றியைச் சீட்டில் வைத்துக்கொண்டு எதையோ சரி பண்ணினார். பிறகு தள்ளிக்கொண்டே கீழே வந்தார்.

"ஆச்சு. இப்போ நல்லா இருக்கு," என்றார்.

அவர் விரல்களில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

மேலேயிருந்து அக்கா மாத்திரைக்குக் கூப்பிட்டாள். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஏதோ யோசனை வந்து நிற்பவர்போல் நின்று நின்று ஏறிப் போனார்.

எறும்பு பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். பின்சக்கரத்தில் கியரைத் தாங்குகிற ஒரு சின்ன அலுமினியத் துண்டு உண்டு. சுண்டுவிரல் நீளம். அந்த மாடலுக்கு அந்தத் துண்டுதான் பொருந்தும், வேறு எதுவும் பொருந்தாது. அது இல்லாமல் சைக்கிள் நகராது. ஐந்து நிமிஷத்தில் கழற்றிப் பேண்ட் பையில் போட்டான். பட்டியலில் முப்பத்தொன்றாவது எண்ணாக ஒரு உபரித் துண்டும் இருந்தது. அதையும் எடுத்துப் போட்டான். ஆக வேண்டியது ஆகிவிட்டது. இனி மூஞ்சியை அப்பாவியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் இடித்தது. மாமா இதைத் தேடுவார். தார்ப்பாயை உதறித் தேடுவார், தராசைத் தூக்கிப் பார்த்துத் தேடுவார். எறும்பு எடுத்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. "நான்தான் எங்கேயோ வெச்சுட்டேன்" என்பார். நெஞ்சு வலி வந்ததிலிருந்து அவருக்கு இந்தப் பேச்சு வந்திருந்தது. கண்ணாடி காணவில்லை என்றாலும், சாவி காணவில்லை என்றாலும், தன் தலையில் தானே குட்டிக்கொண்டு அதையேதான் சொல்வார். இன்றைக்கு இந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து அந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார். பத்தொன்பது வருஷம் தன் உயிரை இவன் கையில் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கிய மனுஷன்.

தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கழற்றியதைத் திரும்ப மாட்டினான். உபரித் துண்டையும் இருந்த இடத்தில் வைத்தான். வேலையிலிருந்து நேராக வந்ததால் பையில் அட்டையும் பூட்டும் இருந்தன. மாமாவின் சைக்கிள் பின்சக்கரத்துக் கம்பிக்குள் பூட்டை நுழைத்து, சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டி, தன் போட்டோ வெளியே தெரிகிற மாதிரி அட்டையைத் தொங்கவிட்டான். பிறகு சுவரோரம் உட்கார்ந்துகொண்டான்.

மாமா இறங்கி வந்தார். பார்த்தார்.

"நான் என்ன லிஃப்ட்டாடா?"

எறும்பு முட்டியைத் தடவிக்கொண்டான்.

"உங்க அக்கா சொன்னாளா?"

"அக்கா கேட்டது வேற. இது நானா மாட்டினது."

"என்ன தைரியம்டா உனக்கு! எதுக்கு மாட்டினே?"

"உங்க விரல்ல எண்ணெய் இல்ல மாமா."

மாமா தன் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பும் வடிந்துபோனது. தார்ப்பாயில் கம்பி வெட்டுகிற கட்டர் கிடந்தது. அதை எடுத்தார். பூட்டுக்குக் கிட்டே கொண்டு போனார். அட்டையில் இருந்த எறும்பின் போட்டோ, சேர்ந்த வருஷம் எடுத்தது, ஒட்டிய கன்னமும் முழித்த கண்ணுமாக அவரைப் பார்த்தது. அடுத்தவன் அட்டையை மாமா வாழ்நாளில் தொட்டதில்லை. கட்டரைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"எப்போ கழட்டுவே?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா இங்கேயே கிட. மாட்டினவன் இடத்தை விட்டுப் போகக் கூடாது. அஞ்சு நாள் லீவு போட்டிருக்கே இல்ல? கிட."

கூடாரப் பையை எடுத்து அவன் மடியில் எறிந்தார். கோபத்தில்தான் எறிந்தார்; ஆனால் இரண்டு கிலோ முந்நூறு கிராம் என்று சரியாக எடை போட்ட பை அது, அதிகம் வலிக்கவில்லை.

"பிரி அதை. வெறும் தரையில கிடந்து நாளைக்கு உன் முட்டி பிடிச்சுக்கிட்டா அதுக்கும் உங்க அக்கா என்னைத்தான் திட்டுவா."

இருவரும் பார்க்கிங் தரையில், அக்கா வீட்டுக் கார் நிற்கிற மஞ்சள் கோட்டுக்குள் கூடாரத்தை விரித்தார்கள். இரண்டாவது மாடி பல் டாக்டர் காரைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, இவர்களைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே படியேறினார். மாமா ஒரு கம்பியை வளைத்து நுழைத்தார். அடுத்த கம்பியை எடுத்தார். அதைப் பாதி நுழைக்கும்போது கை நின்றது. மூச்சு மேலும் கீழும் போகிற சத்தம் அந்தக் காலியான பார்க்கிங்கில் நன்றாகவே கேட்டது.

எப்படி இருக்கு என்று கேட்க எறும்புக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுத்த வாக்கு ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பக்கத்துக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்குப் பதினாலு மாடி நீளம் இருந்தது.

மாமா கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"மூச்சு வாங்குதுடா," என்றார்.

பதினோரு மாதத்தில் அவராக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எறும்பு தூங்கும் பையை உருட்டி அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தான்.

"ரெண்டு மாடி படி ஏறினாலே வாங்குது. ராத்திரி மல்லாந்து படுத்தா வாங்குது. டாக்டர்கிட்ட சொல்லல. சொன்னா அந்த நாற்காலியும் போயிடும்னு…" மாமா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "உங்க அக்காவைக் கீழ வரச் சொல்லு. நானே சொல்றேன்."

எறும்பு எழுந்தான். முட்டி சொடக்குப் போட்டது. இரண்டு எட்டு வைத்தவன் நின்று, சைக்கிளில் தொங்கிய அட்டையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு படியடியிலேயே நின்றுகொண்டு, இடத்தை விட்டு நகராமல், மேலே பார்த்து அக்காவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டான்.