ஆறு குடித்தனமும் ஒரு பொத்தானும்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிப்ட் ஓட்டுவது என் பிழைப்பு. பதினோரு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், விளக்கு எரிகிற பொத்தானைத் திரும்ப அமுக்காதீர்கள், ஒரு தரம் போதும் என்று. யார் கேட்கிறார்கள்? உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு தரம் அமுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு வேறு பைத்தியம். பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும். தனிக்கட்டை, கேட்க ஆளில்லை. அந்தப் பைத்தியம்தான் போன மார்ச்சில் எங்கள் மோட்டாரை எரித்தது.

சைதாப்பேட்டையில் எங்களுடையது ஆறு குடித்தனம் இருக்கிற லைன் வீடு. லாரித் தண்ணீரைத் தரையடித் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். மோட்டார் போட்டால் முற்றத்துக் குழாயில் வரும். கரண்ட் சமாச்சாரம் தெரிந்தவன் என்று மோட்டார் ரூம் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு ரேடியோவோடு உட்கார்ந்துவிட்டேன். தொட்டி வற்றி, வெறுமனே ஓடிய மோட்டார் கருகி நாறியது.

ஒன்பது நாள் எல்லோரும் தெருமுனை அடிபம்பிலிருந்து சுமந்தார்கள். திட்டினவர்களின் திட்டு எனக்கு உறைக்கவில்லை. கடைசி வீட்டுத் தாயம்மா அக்காதான் ஒன்றும் சொல்லவில்லை. வீங்கின முழங்காலோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனாள். வீட்டுக்காரர் புது மோட்டார் மாட்டிவிட்டு, இன்னொரு தரம் எரிந்தால் ஆயுசுக்கும் அடிபம்புதான் என்று சொல்லிவிட்டார். சாவி அக்காவிடம் போயிற்று; தினமும் ரூமுக்கு நடந்து மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவள் தலையில் விழுந்தது.

அவள் முழங்காலுக்காகத்தான் ஒரு ஸ்விட்ச் செய்தேன். பொத்தானை அமுக்கினால் ஒரு கெபாசிட்டரில் கரண்ட் நிரம்பும். அது மெல்ல வடிகிற வரை ரிலே மோட்டாரை ஓட்டும். வடிந்ததும் தானாக நின்றுவிடும். பன்னிரண்டு நிமிடம் வைத்தேன், ஆறு வீட்டுக்கும் அது தாராளம். ரூமுக்குள் மாட்டி, பொத்தானை மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் இழுத்துவைத்தேன். என் மேஜையில் நாற்பது தரம் சோதித்தேன். நாற்பது தரமும் சரியாக நின்றது.

மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வரும்போது அக்கா முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். காலையில் பன்னிரண்டு நிமிடம் தாண்டி, இருபது ஆகியும் மோட்டார் நிற்கவில்லையாம். சத்தம் மாறினதைக் கேட்டு, நொண்டிக்கொண்டே ஓடி மெயினை இறக்கியிருக்கிறாள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அதுவும் கருகியிருக்கும்.

"ஸ்விட்ச்சுல தப்பு கீதா இல்லையான்னு எனக்குத் தெரியாது நைனா," என்றாள். "ஆனா ஒருத்தி அமுக்கிட்டு மத்தவங்க சும்மா நிக்கறதில்ல. அவங்கவங்க முறை வரசொல்ல அவங்கவங்க அமுக்கறாங்க. நான்தான் கடைசி. ஓடிக்கினுதான் இருந்துச்சு. நானும் அமுக்குனேன்."

ஒவ்வொரு அமுக்கலுக்கும் கெபாசிட்டர் மறுபடி நிரம்பியிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. முதல் இரண்டு நாள் தொட்டியில் தண்ணீர் அதிகம் இருந்ததால் தப்பியிருக்கிறது. பதினோரு வருஷமாக லிப்டுக்குள் நின்று இதையே பார்த்துக் கத்தின மடையன், மேஜையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே தரம் அமுக்கிப் பார்த்திருக்கிறேன். லிப்ட் செய்தவனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. எத்தனை பேர் அமுக்கினாலும் அது முதல் அமுக்கலைத்தானே எடுத்துக்கொள்கிறது.

மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்றைக்குத் தண்ணீர் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த அவளுடைய குடத்தின் அடியில் தெருமுனைச் சேறு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் அடிபம்புக்குத்தான் போயிருக்கிறாள், என் மானத்தைக் காப்பாற்ற. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு டைமர் ஐசி வாங்கி வந்தேன். ஒரு தரம் ஆரம்பித்தால் முடிகிற வரை வேறு அமுக்கலைக் காதில் போட்டுக்கொள்ளாத ஜாதி. மாட்டிவிட்டு, மறுநாள் லீவு போட்டு முற்றத்தில் நின்றேன். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் அமுக்கினார்கள். பக்கத்து வீட்டு ஜஹீதா இரண்டு தரம் அமுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் குடம் கழுத்து வரை நிரம்பின சமயத்தில் மோட்டார் டக்கென்று நின்றது. பன்னிரண்டு நிமிடம்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து மோட்டார் ரூம் சாவியை என் கையில் வைத்தாள்.

"நீயே வச்சிக்க. எனக்கு இன்னாத்துக்கு?"

அவளுக்கு நன்றி சொல்லத்தான் அத்தனை நேரம் நின்றிருந்தேன். அவளுடைய குடத்தைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டு, அவள் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைத்தேன்.