பியட்டுக்குக் கட்டிய பூ

அழகர்சாமியின் பியட் கார் மறுபடியும் கொதித்துவிட்டது.

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மெல்ல மெல்லத் திண்டுக்கல் வரை உருட்டிக்கொண்டு வந்து, பழனி ரோட்டில் கமலக்கண்ணனின் பட்டறை முன்னால் நிறுத்தினார். இறங்கியவர், எதுவுமே நடக்காததுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மாப்ள, வத்தலக்குண்டு தாண்டி மலையேறுனேன். பாதி ஏத்தத்துல பொசுக்குன்னு புகைய விட்டுருச்சு.”

கமலக்கண்ணனுக்கு வந்ததே கோபம்! அழகர்சாமி அவனுடைய அக்கா புருஷன், மரியாதைப்பட்ட மனிதர், எல்லாம் சரிதான். அதற்காக வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் அதே எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டே இருக்க முடியுமா?

“வண்டி எங்க மச்சான் கொதிக்குது? நீங்கல்ல கொதிக்க வைக்கிறீங்க! கிளட்ச்சுல வச்ச கால எடுக்காம மலையேறுனா எந்த வண்டி தாங்கும்? முந்தாநேத்து நானே சிறுமலைக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன். ஒரு பொட்டு ஆவி வரல.”

“சரி மாப்ள.”

“என்ன சரி மாப்ள? எதச் சொன்னாலும் சரி மாப்ள! ஞாயித்துக்கிழம சோதனை ஓட்டம். ஞாபகம் இருக்கா, இல்லயா?”

“இருக்கு மாப்ள.”

இவ்வளவுதான் அவர் பேச்சு. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? ஆனால் அழகர்சாமியின் வாய்க்கு எந்தப் பூட்டும் தேவைப்பட்டதில்லை. அது தானாகவே மூடிக்கொள்ளும்.

விஷயம் இதுதான். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறது. ஐம்பது வயசுக்குக் குறைந்த காருக்கு அதில் இடமில்லை. யார் முந்துகிறார்கள் என்பதெல்லாம் கிடையாது, போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் கண்ணெதிரே ஒவ்வொரு காரும் ஒரு மலையேறி இறங்கிக் காட்ட வேண்டும். இந்தப் பக்கத்துக் கார்களுக்குச் சிறுமலையில் சோதனை. ஏறும்போது கொதித்து நின்றால் சீட்டுக் கிழிந்தது.

அழகர்சாமிக்கு நிலக்கோட்டை பக்கம் மல்லிகைத் தோட்டம். அவர் தோட்டத்துப் பூ விமானம் ஏறி எங்கெங்கோ போனது. அவர் மதுரையைத் தாண்டிப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். ஒட்டன்சத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில், கோழி அடைந்து கிடந்த அந்தப் பியட்டைப் பார்த்த அன்றைக்கு, “மாப்ள, இது டெல்லி வரைக்கும் போவுமா?” என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அதுவாகத்தான் இருக்கும். கமலக்கண்ணன் அதை விடுவானா? எஞ்சினை இறக்கினான், பிரேக் பைப்பையெல்லாம் புதுசாக இழுத்தான், வயரிங் மொத்தத்தையும் உருவிப் போட்டு மாற்றினான். பக்கத்துத் தையல்கடை நர்கீஸ் அக்காவிடம் சொல்லிச் சீட்டுக்குப் பச்சை ரெக்ஸின் தைத்து வாங்கினான். காருக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்பது சங்கத்து விதி. மச்சானுக்குப் பக்கத்தில் டெல்லி வரை தான்தான் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தும் வைத்திருந்தான்.

எல்லாம் செய்தும் என்ன பிரயோசனம்? கொதிக்கிறதே!

முணுமுணுத்துக்கொண்டே காரின் முகப்பில் கட்டியிருந்த மல்லிகை மாலையை அவிழ்த்தான். சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டினான். பிறகு பானெட்டைத் திறந்தான். இந்த ஊர்ப்பக்கம் மெக்கானிக் யாரும் அப்படித்தான் செய்வார்கள். சாமி பூவைத் தரையில் போடக் கூடாதல்லவா?

அந்தப் பூவைக் கட்டியது அவன் அக்கா சரஸ்வதி. போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவள் படுத்தவள் படுத்தவள்தான். புண் ஆறிவிட்டது. டாக்டரும் ஒரு குறையும் இல்லை என்றார். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். கூடை கூடையாகப் பூ போகிற வீட்டில் அவள் தலையில் ஒரு கண்ணிப் பூ ஏறவில்லை. கமலக்கண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் வழியில் வண்டியை நிறுத்தி அழுதிருக்கிறான். அப்படிப்பட்டவள், பியட் வீட்டு வாசலுக்கு வந்த அன்றைக்கு எழுந்து வெளியே வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “இது என்ன, மொகமே மூளியாக் கெடக்கு!” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறித்து வந்து கட்ட உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கார் வெளியே கிளம்புகிறதென்றால் விடியும் முன்னே சரஸ்வதி மாலையோடு நிற்பாள். மாலை என்றால் கொஞ்சநஞ்சமா? சொந்தத் தோட்டத்துப் பூவாயிற்றே. பாய் மாதிரி அடர்த்தியாக, முகப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மூடும்.

மறுநாள் கமலக்கண்ணன் ரேடியேட்டரைக் கழற்றிப் பேகம்பூரில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் முகமது யாசினிடம் கொண்டுபோனான். யாசின் பாய் அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார். காற்று அடித்துப் பார்த்தார்.

“ஏம்ப்பா கண்ணா, உள்ள ஒரு அடப்பும் இல்ல. சும்மா என் உசுர வாங்காத. வெளிப்பக்கம்தான் தகட்டுக்கு நடுவுல இது சொருகிக்கிட்டு இருந்துச்சு” என்று உள்ளங்கையை விரித்தார். காய்ந்து பழுப்பான மல்லிகை மொட்டுகள். “என்ன, வண்டிக்குச் சட போட்டு விடுறீங்களா?”

கமலக்கண்ணன் சிரித்துக்கொண்டேதான் திரும்பினான். பட்டறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆணியில் மாலைகள் தொங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக, கொதித்து வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாலை. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவன் பானெட்டைத் திறந்தான். அது இல்லாமல்தான் சிறுமலைக்கு ஓட்டிப் பார்த்தான். வீட்டிலிருந்து மச்சான் ஓட்டும்போது மட்டும் கொதிக்காமல் என்ன செய்யும்? காற்று நுழைகிற வாயையே பூவால் அடைத்துவிட்டு மலையேறச் சொன்னால்!

“அடச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். ஊரில் எல்லா வண்டியிலும் பூ தொங்கினால் இந்த வண்டியில் கட்டியிருப்பது எங்கே கண்ணில் படும்!

பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனான். அழகர்சாமி மோட்டார் கொட்டகை ஓரத்தில் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“மச்சான், கண்டுபிடிச்சிட்டேன்! எல்லாம் அந்தப் பூ...”

“மெதுவாப் பேசு மாப்ள” என்று வீட்டுப் பக்கம் பார்த்தார். “எனக்குத் தெரியும்.”

கமலக்கண்ணனுக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரியுமா? தெரிந்துகொண்டா தன்னிடம் அத்தனை வசவு வாங்கினார்?

“நடுவுல ஒருநாள் சந்தேகப்பட்டுக் கழட்டிப் பாத்தேன். கொதிக்கல. கழட்டுன மாலைய டிக்கியில போட்டவன் திருப்பிக் கட்ட மறந்துட்டேன். உங்கக்கா பாத்துட்டா. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல மாப்ள. உள்ள போயிச் சுவத்தப் பாத்துப் படுத்துட்டா. அந்த மாலைய எடுத்துத் திரும்ப முன்னால கட்டிக் காட்டுன பொறகுதான் எந்திரிச்சா.” மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். “அத்தன மாசம் கழிச்சு அவளா எந்திரிச்சு வந்து செஞ்ச ஒரே வேல அது. அதுதான் வண்டியக் கெடுக்குதுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

“அப்ப டெல்லி?”

“டெல்லி எங்க போயிரப் போவுது? அது அங்கனதான் இருக்கும்.”

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் கமலக்கண்ணன் வாயைத் திறந்தான். ஆனால் வரப்பில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷமாக இந்த மனிதரை ஊமைக் கோட்டான் என்று கேலி பண்ணியிருக்கிறானே! தன் அக்காவை இவரிடம் கொடுத்ததற்கு அன்றைக்குத்தான் அவன் மனசார சந்தோஷப்பட்டான். எழுந்து மண்வெட்டியை எடுத்து மீதி வாய்க்காலை அவனே திருப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுமலை அடிவாரத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. சரஸ்வதியும் கூடவே வந்திருந்தாள். மடியில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால், நடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய மாலை, வழக்கத்தைவிட ஒரு மடங்கு பெரிசு. அழகர்சாமி அதைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சரஸ்வதி முகப்பில் முதல் முடிச்சைப் போடும்போது கமலக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அது வந்து... முன்னால பூக் கட்டக் கூடாதுன்னு சங்கத்துல புதுசா ரூல் போட்டுட்டாங்களாம்.”

சரஸ்வதி நிமிர்ந்தாள். பக்கத்துக் காரின் நெற்றியில் சாமந்தி மாலை தொங்கியது. தம்பியைப் பார்த்தாள். அவன் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தான். பொய் சொன்னால் சின்ன வயசிலிருந்தே அவன் கை அங்கேதான் போகும்.

“ஏலே, யாருகிட்ட? உண்மையச் சொல்லு.”

“ஒண்ணுமில்லக்கா...”

“சொல்றியா, நாலு வைக்கவா?”

சொல்லிவிட்டான். ஆணி, ரேடியேட்டர், டிக்கி, வரப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அழகர்சாமி குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டார். சரஸ்வதியின் கை முடிச்சிலேயே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு, இனி அக்கா எழுந்திருக்கவே மாட்டாள் என்று கமலக்கண்ணன் நினைத்தான்.

“ஏங்க” என்றாள் சரஸ்வதி. “இதச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? டெல்லியே வேணாம்னு இருந்தீங்களாக்கும்?”

“நீ படுத்துருவியேன்னு...”

“படுத்தா எழுப்புறது! ‘அடி கூறுகெட்டவளே, வண்டிக்கு மூச்சு முட்டுது’ன்னு ஒரு சத்தம் போட்டா எந்திரிச்சிருக்க மாட்டனா? நீங்க என்னைய ஒரு வார்த்த வஞ்சு வருசமாச்சு. எல்லாரும் சீக்காளிகிட்டப் பேசுற மாதிரியே பேசுனா மனுசி எப்படி எந்திரிப்பா?”

சொல்லிக்கொண்டே போனவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை பாதியிலேயே சிரிப்பாக மாறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, காரின் மேல் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழகர்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார்.

சரஸ்வதி முடிச்சை அவிழ்த்தாள். மாலையின் நுனியில் ஒரு முழம் கிள்ளித் தன் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். மிச்சத்தைக் கொண்டுபோய்க் காரின் பின்பக்கம், டிக்கி மேலே கட்டினாள். பிறகு முன்பக்கம் வந்து, மச்சானுக்குப் பக்கத்தில் ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருந்த தம்பியின் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்குடா.”

“அக்கா, உனக்குத்தான் பஸ்ஸுல போனாலே கொமட்டுமே?”

“கொமட்டுனா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிறேன். எறங்கு. எஞ்சின் வெந்து வெடிச்சாலும் இந்த மனுசன் வாயத் தொறக்க மாட்டாரு. பக்கத்துல ஒருத்தி இருந்து கத்தணும்ல?”

இறங்கினான். பியட் மலையேறியது. வளைவு வளைவாக எஞ்சின் சத்தத்துக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது. “கியர மாத்துங்க! கால எடுங்க கிளட்ச்சுல இருந்து! அந்த லாரிக்கு ஒதுங்குங்க!” கடைசியில் அதுவும் கேட்கவில்லை. தண்ணீர்க் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு கமலக்கண்ணன் மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்காவது ஆவி எழும்புகிறதா என்று கண் தேடியது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

வெகுநேரம் கழித்துப் பியட் இறங்கி வந்தது. புகையில்லை, ஆவியில்லை. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. சங்கத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சரஸ்வதி வெளிறிப்போய், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி, கண் மட்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தாள்.

அழகர்சாமி இறங்கி நேராகக் கமலக்கண்ணனிடம் வந்தார். துண்டை உதறினார். தோளில் போட்டார். என்னவோ சொல்ல வந்து தயங்கினார். பிறகு சொல்லியே விட்டார்.

“மாப்ள, கோவிச்சுக்காத. டெல்லிக்கு நீ வர வேணாம்.”

தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்ததெல்லாம் கமலக்கண்ணனுக்கு ஞாபகம் வந்தது. காருக்குள் பார்த்தான். அக்கா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கொண்டைப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சரி மச்சான்” என்றான்.